பிச்சாண்டி புகை விற்ற கதை

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கு மாடியேறி வானம் பார்க்கப் பொழுது இருந்த காலத்திலே, மருதவாண பூபதி என்று ஒரு ராஜா இருந்தார். ஊர்ப் பெயரைக் கேட்காதீர்கள். சொன்னால் அது எங்கள் ஊர்தான் என்று நாலு ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆறு ஓடிய ஊர், கரும்பு விளைந்த ஊர், கிழக்கே ஒரு மலை நின்ற ஊர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கதைக்கு வேண்டாம்.

அந்த ராஜாவுக்கு இளவயதில் ஒரு பழக்கம் இருந்தது. விடிவதற்கு முன்னே எழுந்து ராணி தில்லைவல்லியோடு மேல்மாடத்துக்குப் போய்விடுவார். ஒரு சொம்புப் பாலை இருவரும் பங்கிட்டுக் குடித்தபடி கிழக்கு மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அங்கே ராஜ்ய விவகாரம் பேசக்கூடாது என்பது ராணியின் கட்டளை. மலையைப் பற்றி மட்டும் பேசலாம். இன்றைக்கு மலை கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது என்பாள் ராணி. இல்லை, நேற்று நின்ற இடத்திலேதான் நிற்கிறது என்பார் ராஜா. இதற்கு ஒரு சண்டை நடக்கும். ராஜாவோடு சண்டை போட்டு ஜெயிக்கக்கூடிய ஆள் அந்த ராஜ்யத்தில் அவள் ஒருத்திதான். ஜெயித்துவிட்டு மிச்சப் பாலையும் அவளே குடித்துவிடுவாள்.

ராணி காலமான பிறகு ராஜா மாடிப் பக்கமே போகவில்லை. மாடிக் கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்தது. வருஷங்கள் ஓடின. அதற்குள் ஊர் வளர்ந்துவிட்டது. ஒரே ஒரு சுண்ணாம்புக் காளவாய் இருந்த தெருவில் வரிசையாகக் காளவாய்கள் வந்தன. ஆற்றங்கரை முழுக்க வெல்லம் காய்ச்சும் கொப்பரைகள். தெற்கே செங்கல் சூளைகள். எல்லாவற்றுக்கும் விறகு வேண்டும், விறகு எரிந்தால் புகை வரும். நான் அந்த ஊரைக் குறை சொல்ல வரவில்லை. அங்கே வெல்லப்பாகு காயும்போது எழும் வாசனையை ஒருதரம் மோந்தவர்கள் சாகிறவரைக்கும் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் வாசனை தனியாக வருமா? புகையோடுதான் வந்தது.

ஒருநாள் அரண்மனை வைத்தியர் ராஜாவின் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு விளக்கைக் கிட்டே கொண்டுவரச் சொல்லி இன்னொரு தரம் பார்த்தார். அப்புறம் சொன்னார்: “மகாராஜா, இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறது. இந்தக் கோடை வரைக்கும் தாங்கும். மழைக்காலம் வந்துவிட்டால் தூரத்துப் பொருள் எதுவும் தெரியாது.”

ராஜா பயப்படவில்லை. யுத்தத்தில் அம்பு பட்ட மனுஷர் அவர். மறுநாள் விடியுமுன் எழுந்தார். துருப்பிடித்த தாழ்ப்பாளை உடைக்கச் சொல்லி மாடிக்கு ஏறினார். கிழக்கே திரும்பினார். மலை இருந்த இடத்தில் அழுக்குத் துணி தொங்குவது போலப் புகை தொங்கிக்கொண்டிருந்தது. சூரியன் மேலே வரும்வரை காத்திருந்தார். புகைதான் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அன்று சபையில் ராஜா சொன்னார்: “என் கண் போவதற்குள் அந்த மலையை நான் ஒரு தடவை பார்க்க வேண்டும். யாருடைய பிழைப்பையும் கெடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனால் புகை முழுவதும் ஒழிய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஊர்ப் புகை பாதியாகட்டும். மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.”

“ஆணை, மகாராஜா,” என்று குனிந்தார் பெரிய பிரதானி விருத்தகிரி. இந்த விருத்தகிரி குனிவதில் கெட்டிக்காரர். எந்த அளவுக்குக் குனிந்தால் ராஜாவின் முகம் மலரும் என்று அளந்து வைத்திருப்பார். நிமிர்ந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒவ்வொரு அடுப்பு வாயிலும் ஒரு சேவகனை நிறுத்தினார். அடுப்பில் விறகு அடுக்கி முடித்ததும் சேவகன் குனிந்து அதில் சரிபாதியை உருவி வெளியே போட்டுவிடுவான். காளவாய்க்குப் பாதி, கொப்பரைக்குப் பாதி, சூளைக்குப் பாதி. ஓரவஞ்சனை இல்லாத ராஜநீதி என்று பிரதானியே தம்மை மெச்சிக்கொண்டார்.

பாதித் தீயில் சுண்ணாம்புக் கல் வேகுமா? வெல்லப்பாகு பதத்துக்கு வருமா? பாகு கொழகொழவென்று நின்றது. செங்கல் கைபட்டால் உதிர்ந்தது. காளவாயிலிருந்து வந்தது கல்லாகவும் இல்லை, சுண்ணாம்பாகவும் இல்லை. சரி, புகையாவது குறைந்ததா என்றால், அதுவும் இல்லை. நன்றாக எரியாத அடுப்பு குமைந்து குமைந்து முன்னைவிட அதிகமாகப் புகைந்தது. மாடியில் நின்ற ராஜாவுக்கு இருமல் வந்ததுதான் மிச்சம்.

காளவாய்த் தெருவில் காத்தாயி என்று ஒருத்தி. புருஷன் போன பிறகு காளவாயைத் தானே நடத்தியவள். வாய் கொஞ்சம் பெரிது. அவள் வெந்தும் வேகாத ஒரு கல்லை மடியில் கட்டிக்கொண்டு வந்து ராஜா காலடியில் வைத்தாள்.

“சாமி, இது என்னான்னு நீங்களே சொல்லுங்க. இதைப் பூசவும் முடியாது, அடுக்கவும் முடியாது. பாதி வெறகுல பாதிச் சுண்ணாம்பு வரும்னு நம்ம பிரதானி எசமான் நெனச்சிட்டாங்க. பாதி நாள் சுமந்தா பாதிப் புள்ளையா பொறக்கும்?”

சபையில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பிரதானியின் முகம் சிவந்தது. அப்போது தூணோரம் சாய்ந்து நின்ற அரண்மனை விகடன் பிச்சாண்டி தொண்டையைக் கனைத்தான்.

பிச்சாண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவனுக்கு நிலம் இல்லை, பட்டம் இல்லை, ராஜா சிரித்தால் சாப்பாடு. ராணி இருந்தவரை அவனுக்கு வேலை சுலபமாக இருந்தது. இரண்டு பேரையும் சிரிக்க வைக்க ஒரே விகடம் போதும். ராணி போன பிறகு ராஜா சிரிப்பதே அபூர்வமாகிவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் பிச்சாண்டிக்குத் தன் தொழில் மேலேயே வெறுப்பு வரும்.

“மகாராஜா, ஒரு சின்னச் சந்தேகம்,” என்றான் பிச்சாண்டி. “நம் ஊர் ஆண்பிள்ளைகளில் பாதிப் பேர் மீசை வைத்திருக்கிறார்கள். இதற்கு எல்லோருக்கும் பாதி மீசை இருக்கிறது என்று அர்த்தமா?”

“இல்லை.”

“தாங்கள் கேட்டது ஊர்ப் புகையில் பாதி. பிரதானியார் கொண்டுவந்தது அடுப்புக்கு அடுப்பு பாதி. நான் படிப்பில்லாதவன். தாங்கள் வாயால் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறவன். ஊர்ப் புகை என்றால் எனக்கு ஊர்ப் புகைதான்.”

ராஜாவின் மீசை லேசாக அசைந்தது. வெகு நாளைக்குப் பிறகு அசைந்தது. அதைப் பார்த்த பிரதானிக்கு வயிறு எரிந்தது. ராஜாவுக்குப் பக்கத்தில் வேறு யாராவது நின்றாலே அவருக்குத் தூக்கம் வராது.

“மகாராஜா,” என்றார் பிரதானி, மிகவும் குனிந்து. “குறை சொல்வது எளிது. இந்தப் பணியைப் பிச்சாண்டியிடமே ஒப்படைக்கலாம். ஆனால் ஊரில் ஓர் அடுப்பையும் அவன் மூடக்கூடாது. கஜானாவைத் தொடக்கூடாது. தொழில் கெட்டது என்று ஒருவரும் அரண்மனை வாசலில் வந்து நிற்கக்கூடாது. மழைக்கு முன் தாங்கள் மலையைப் பார்க்காவிட்டால், கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி இவனை ஊரைவிட்டு அனுப்பிவிடலாம்.”

ராஜா பிச்சாண்டியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. ராஜாக்கள் கெஞ்சக் கூடாது என்பதால் வாயைத் திறக்கவில்லை. பிச்சாண்டிக்கு அது தாங்கவில்லை.

“சம்மதம், மகாராஜா. எனக்கு இரண்டு காரியம் வேண்டும். தங்கள் முத்திரையைக் கொஞ்ச நாள் கொடுங்கள். நான் போடும் விதிக்கு ஊரே கட்டுப்பட வேண்டும், இந்த அரண்மனையில் குடியிருப்பவர்கள் உட்பட.”

“கட்டுப்படுகிறேன்,” என்றார் ராஜா.

அந்த ஊருக்கு விறகு வண்டி வருவதற்கு ஒரே வழி மேற்கு வாசல். பிச்சாண்டி அங்கே போய் உட்கார்ந்தான். புகையை யாராலும் பிடித்து அளக்க முடியாது, ஆனால் வண்டியை எண்ணலாம் இல்லையா? போன கோடையில் எத்தனை வண்டி விறகு வந்தது என்று சுங்கக்காரர்களிடம் விசாரித்தான். அதில் சரிபாதி எண்ணிக்கைக்குக் களிமண்ணில் வில்லை தட்டினான். ஒவ்வொன்றிலும் ராஜ முத்திரையை அழுத்தினான். சூளையில் வைத்துச் சுடுவதற்கும் விறகு வேண்டுமே என்று எல்லாவற்றையும் வெயிலிலேயே காயவைத்தான்.

அப்புறம் ஊரெல்லாம் பறை சாற்றினான். இனி ஒரு வண்டி விறகு உள்ளே வர ஒரு வில்லை கொடுக்க வேண்டும். கொடுத்த வில்லையை வாசலில் வைத்து உடைத்த பிறகுதான் மாடு நகரும். அவரவர் போன கோடையில் எரித்ததில் பாதிக்கு வில்லை சும்மா கிடைக்கும். இந்தக் கோடைக்கு அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வில்லை கிடையாது. வீட்டு அடுப்புக்குத் தலைச்சுமையாக வரும் சுள்ளிக்கு விதி இல்லை. விறகை மிச்சம் பிடித்தவன் மிஞ்சிய வில்லையை விற்கலாம். போதாதவன் வாங்கலாம். மிச்சமும் பிடிக்க மாட்டேன், வாங்கவும் மாட்டேன் என்கிறவன் வண்டியோடு வாசலுக்கு வெளியே நிழலில் உட்காரலாம், அதற்குத் தடையில்லை.

சபையில் ஒரே கேலி. புகை வியாபாரி வருகிறான் என்று பிச்சாண்டியைக் கண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். “களிமண்ணைத் தட்டி மலையைக் கொண்டுவரப் போகிறானாம்,” என்றார் பிரதானி. வில்லையை வாங்கிக்கொண்டவர்களும் சந்தோஷமாக வாங்கவில்லை. காத்தாயி வாங்கிய கையோடு ஒரு பாட்டம் திட்டிவிட்டுத்தான் போனாள்.

ஆற்றங்கரையில் சடையன் என்று ஒரு வெல்லக்காரன். மூன்று கொப்பரைக்கு மூன்று அடுப்பு எரிப்பவன். அவன் மாமனார் ஊரில் ஒரே அடுப்பின் சூட்டைத் தரைக்கு அடியில் குழி வெட்டி ஓட்டி, வரிசையாக மூன்று கொப்பரையையும் காய்ச்சுவார்கள். அது சடையனுக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். மாமனார் ஊர் வித்தையை நாம் ஏன் செய்ய வேண்டும் என்கிற வீம்பு ஒரு பக்கம். விறகுதான் கொட்டிக் கிடக்கிறதே என்கிற சோம்பல் மறு பக்கம். இப்போது மிஞ்சிய வில்லைக்கு விலை உண்டு என்று கேட்டதும் வீம்பும் போயிற்று, சோம்பலும் போயிற்று. மச்சானை வரவழைத்து இரண்டே நாளில் குழி வெட்டிவிட்டான். அப்புறம் மடியில் வில்லையை முடிந்துகொண்டு மேற்கு வாசலுக்கு வந்தான்.

அங்கே காத்தாயி வண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். பெரிய கோயில் குளத்துக்குச் சுவர் எழும்பிக்கொண்டிருந்த சமயம் அது. சுண்ணாம்பு எவ்வளவு வந்தாலும் நல்ல விலைக்குப் போகும். அவள் காளவாயை மூட்டாமல் விட்டால் நஷ்டம், மூட்ட வேண்டுமானால் வில்லை போதாது.

“அண்ணே, ஒங்கிட்ட வில்லை மிஞ்சியிருக்காமே.”

“இருக்கு. ஆனா எனக்கே வேணுமே.”

“மூணு அடுப்பு எரிஞ்ச எடத்துல ஒண்ணு எரியுது. ஒனக்கு எதுக்கு? சோத்துல போட்டுப் பெசஞ்சு தின்னவா?”

சடையன் ஒரு விலை சொன்னான். காத்தாயி நெஞ்சில் கை வைத்தாள்.

“பொகையை விக்கிற ஆம்பளையை இப்பத்தான் பாக்கறேன்.”

“அதைப் பேரம் பேசி வாங்கற பொம்பளையை நானும் இப்பத்தான் பாக்கறேன், தங்கச்சி.”

கடைசியில் அவன் சொன்னதிலும் இல்லாமல், அவள் கேட்டதிலும் இல்லாமல் நடுவில் ஒரு விலை படிந்தது. வில்லை கை மாறியது. வாசலில் சுங்கக்காரன் அதை உடைத்தான். காத்தாயியின் வண்டி உள்ளே போயிற்று. சடையன் காசை இடுப்பில் செருகிக்கொண்டு, மாமனார் ஊரைப் பற்றி முதல்தடவையாக நாலு நல்ல வார்த்தை பேசிக்கொண்டு போனான்.

இது பரவ எவ்வளவு நேரம் ஆகும்? ஆற்றங்கரை முழுக்கக் குழி அடுப்பு வந்துவிட்டது. செங்கல் சூளைக்காரர்கள் ஈர விறகை நிறுத்திவிட்டுக் காய்ந்த விறகாகப் பார்த்து எடுத்தார்கள். சூளைக்குக் கனமாக மண் பூசிச் சூட்டை உள்ளேயே நிறுத்தினார்கள். இதெல்லாம் ராஜாவுக்காக யாரும் செய்யவில்லை. மலைக்காகவும் செய்யவில்லை. அந்த மலையைப் பற்றிப் பாதிப் பேர் மறந்தே போயிருந்தார்கள். வில்லை மிஞ்சினால் காசு வருகிறது, செய்தார்கள். ராணி தில்லைவல்லி உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள் என்று எனக்குத் தோன்றும். மனுஷர்களை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ராஜாவுக்குத்தான் ஒன்று புரியவில்லை. பிச்சாண்டியைக் கூப்பிட்டுக் கேட்டார்: “என் கட்டளை எல்லோருக்கும்தானே? அந்தக் காத்தாயி ஒரு வண்டி கூடக் குறைக்கவில்லை என்கிறார்களே.”

“உண்மைதான், மகாராஜா. காத்தாயி குறைக்கவில்லை. சடையன் அவள் பங்கையும் சேர்த்துக் குறைத்துவிட்டான். அவனுக்கு அது ஒரு குழி வெட்டுகிற வேலை. அவளுக்கோ காளவாயையே அணைக்கிற வேலை. எவனுக்குச் சுலபமோ அவன் குறைக்கட்டும், எவளுக்குக் கஷ்டமோ அவள் அவனுக்கு அதற்கான கூலியைக் கொடுக்கட்டும். மேலே இருக்கிற வானத்துக்கு இது சடையன் புகை, இது காத்தாயி புகை என்றெல்லாம் தெரியாது. மொத்தத்தில் எவ்வளவு என்பதுதான் அதற்குக் கணக்கு.”

“அவளும் நாளைக்குக் குறைக்கக் கற்றுக்கொண்டால்?”

“இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிறாள், மகாராஜா. ஒவ்வொரு தடவை சடையனிடம் காசு எண்ணிக் கொடுக்கும்போதும் அவளுக்குப் புதுசாக ஒரு யோசனை வருகிறதாம்.”

இந்தச் சமயத்தில் அரண்மனையிலேயே ஒரு கலவரம். ராஜாவின் வெந்நீருக்கும் மடைப்பள்ளிக்கும் வந்த வில்லைகளைச் சமையல்காரர்கள் தாறுமாறாக உடைத்துத் தீர்த்துவிட்டார்கள். ஒருநாள் காலையில் ராஜா குளிக்கப் போனால் அண்டாவில் பச்சைத் தண்ணீர். ராஜா ஈர வேட்டியோடு நின்று பிச்சாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“நான் ராஜா. முத்திரை என்னுடையது. எனக்காக நாலு வில்லை கூடத் தட்டு.”

“தட்டலாம், மகாராஜா. களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. தங்களுக்கு நாலு தட்டினால் பிரதானியார் தமக்கு நாற்பது தட்டச் சொல்லி வருவார். அப்புறம் தளபதியார் வருவார். மலையில் எந்தப் பக்கத்திலிருந்து மறைக்கத் தொடங்கலாம் என்று மட்டும் தாங்கள் சொல்லிவிடுங்கள்.”

ராஜா கொஞ்ச நேரம் அவனை முறைத்துப் பார்த்தார். பிறகு சொம்பை எடுத்துப் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டார். அந்தப்புரம் வரைக்கும் கேட்கும்படி ஒரு சத்தம் வந்தது. ஆனாலும் அன்று முழுவதும் மனுஷர் உற்சாகமாக இருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

புகை மெல்ல மெல்ல மெலிந்தது. முதலில் கிழக்கே இருந்த தோப்புகள் தெரிந்தன. பிறகு தோப்புக்கு அப்பால் இருந்த கோயில் கோபுரம் தெரிந்தது. ராஜா தினமும் மாடியேறி, இன்றைக்கு எது வரைக்கும் தெரிகிறது என்று பார்த்துவிட்டு இறங்குவார். மழைக்கு அதிக நாள் இல்லை. கண்ணும் அவருக்குப் பனி மூடியது போலாகிக்கொண்டு வந்தது.

பிரதானி விருத்தகிரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிச்சாண்டி ஜெயித்துவிடுவான் போலிருந்தது. அதைவிட, கண்ணெதிரே வில்லை இவ்வளவு விலைக்குப் போகிறது, தம் கையில் ஒன்றும் இல்லையே என்கிற தாபம். வடகாடு என்கிற ராஜவனம் அவருடைய காவலில் இருந்தது. ராஜாவின் கொள்ளுப்பாட்டனார் காலத்திலிருந்து யாரும் கோடாரி வைக்காத காடு. பிரதானி யோசித்தார். ஒருநாள் சபையில் எழுந்து, என்றும் இல்லாத அளவுக்குக் குனிந்தார்.

“மகாராஜா, ஊரார் கொஞ்சம் விறகைக் குறைத்ததற்கே வில்லை மிஞ்சுகிறது, விற்கிறார்கள். அடியேன் காவலில் உள்ள வடகாட்டை வெட்டி எரித்தால் எத்தனை ஆயிரம் வண்டிப் புகை எழும்பும் என்று சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஒரு மரத்தைக்கூட வெட்டாமல் அவ்வளவு புகையையும் தடுத்து வைத்திருப்பவன் அடியேன். அதற்கு ஈடான வில்லைகளை எனக்கு அளிக்கும்படி வேண்டுகிறேன். மிஞ்சியதை விற்கலாம் என்பது பிச்சாண்டி போட்ட விதி.”

சபை தலையாட்டியது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. வெளியே செங்கல் சூளைக்காரர்கள் சிலர் காலி வண்டிகளோடு காத்திருந்தார்கள். வில்லை மலிவாகக் கிடைக்கப் போகிறது என்று பிரதானி அவர்களுக்கு முன்பே சொல்லி வைத்திருந்தார். ராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. அத்தனை ஆயிரம் வண்டி உள்ளே வந்தால் கோபுரமும் மறையும், தோப்பும் மறையும், மலையைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் விதி விதிதானே? தாமே கட்டுப்படுவதாகச் சொன்ன விதி ஆயிற்றே?

“பிச்சாண்டி,” என்றார்.

பிச்சாண்டி ஒரு பெரிய கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தான். “பிரதானியார் கேட்பது நியாயம், மகாராஜா. கூடை தயார். ஒரே ஒரு விளக்கம் மட்டும் வேண்டும். சடையன் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவன் மூன்று அடுப்பு எரித்ததை ஊரே பார்த்தது. ஒன்றாகக் குறைத்ததையும் பார்த்தது. பிரதானியாரே, தாங்கள் இந்தக் கோடையில் வடகாட்டை வெட்டுவதாக இருந்தீர்களா?”

விருத்தகிரி கூடையைப் பார்த்தார். “இருந்தேன். வெட்டி எரிப்பதாகவே தீர்மானித்திருந்தேன். ஊர் நன்மையைக் கருதி நிறுத்திக்கொண்டேன்.”

“எல்லோரும் கேட்டுக்கொண்டீர்கள் அல்லவா?” என்று சபையைச் சுற்றிப் பார்த்தான் பிச்சாண்டி. “மகாராஜா, வடகாட்டில் கோடாரி வைக்கத் தீர்மானித்தவனுக்குத் தங்கள் கொள்ளுப்பாட்டனார் என்ன தண்டனை எழுதி வைத்திருக்கிறார்?”

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். “வலது கை.”

பிரதானியின் வலது கை தானாகவே அங்கவஸ்திரத்துக்குள் போயிற்று. “மகாராஜா, அவசரத்தில் வாய் தவறிவிட்டது. வெட்டுவதாக இல்லை. கனவிலும் அப்படி நினைத்ததில்லை. என்றென்றும் அந்தக் காடு நின்றுதான் இருக்கும்.”

“எப்படியும் நின்றுதான் இருக்குமா?” என்றான் பிச்சாண்டி, கூடையை மெதுவாகக் கீழே வைத்து. “அப்படியானால் எந்தப் புகை குறைந்தது என்று வில்லை கேட்கிறீர்கள்? நானும் இன்று காலை அரண்மனைக்குத் தீ வைக்கவில்லை, மகாராஜா. நேற்றும் வைக்கவில்லை. எனக்கு இதுவரைக்கும் எத்தனை கூடை வர வேண்டும் என்று யாராவது கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.”

சபை கொல்லென்று சிரித்தது. வெளியே காலி வண்டிகள் திரும்பும் சத்தம் கேட்டது. பிரதானி அன்றைக்குக் குனிந்தவர் வாசல் வரைக்கும் நிமிரவே இல்லை. ராஜா அவருக்குத் தண்டனை எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் ராஜாவுக்கு அப்போது அதற்கெல்லாம் மனசு இல்லை, மாடியில்தான் மனசு.

மழைக்கு முந்தைய காற்று ஒருநாள் இரவு முழுக்க அடித்தது. விடிந்ததும் ராஜா மாடியேறினார். பின்னாலேயே பிச்சாண்டியும், பிரதானியும், இன்னும் சிலரும் ஏறினார்கள். கிழக்கே மலை நின்றது. அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் மறைவில்லாமல், நீலமாக நின்றது. ராஜா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. யாரோடோ சண்டை போடுகிறவர் போல ஒருதரம் தலையை ஆட்டினார்.

அப்புறம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: “அதன் வலது தோளில் என்ன? கடித்து எடுத்தது போலப் பள்ளமாகத் தெரிகிறதே. அங்கே மேடு அல்லவா இருந்தது?”

பிரதானி முந்திக்கொண்டார். “மலையில் ஒன்றும் இல்லை, மகாராஜா. மலை அப்படியே இருக்கிறது. தங்கள் கண்ணில் உள்ள புரை அப்படிக் காட்டுகிறது.”

எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். கிழவர் ஆசைப்பட்டதைப் பார்த்துவிட்டார், அவர் மனசை ஏன் கெடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு எண்ணம். பிச்சாண்டிக்கும் அப்படிச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கழுதை ஆபத்து விலகிவிட்டது, பரிசு நிச்சயம். எதற்கு வம்பு? ஆனால் ராஜா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தங்கள் கண் சரியாகத்தான் பார்க்கிறது, மகாராஜா,” என்றான். “மலையில்தான் பள்ளம். காளவாய்களுக்குக் கல் அங்கிருந்துதான் வெட்டி வருகிறது. புகை மறைத்திருந்ததால் இத்தனை வருஷம் எவ்வளவு வெட்டினோம் என்று நம் யாருக்கும் தெரியவில்லை.”

“அந்தக் கல்லெல்லாம் எங்கே?”

“தாங்கள் கை வைத்திருக்கிறீர்களே, மகாராஜா, அந்தச் சுவரில்தான். வருஷா வருஷம் அரண்மனைக்கு வெள்ளை பூசுகிறோம்.”

ராஜா சுவரிலிருந்து கையை எடுத்தார். உள்ளங்கையில் வெள்ளை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துப் பக்கத்தில் போனவர்கள், அவர் சிரிப்பதைக் கண்டு பின்வாங்கினார்கள்.

“எனக்கு வலது பக்கத்தில் நாலு பல் இல்லை,” என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அதற்கும் வலது பக்கத்தில் காணோம். தில்லைவல்லி இருந்திருந்தால், இரண்டு கிழங்களும் நன்றாகத்தான் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கின்றன என்று சொல்லியிருப்பாள்.”

அவர் தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றிப் பிச்சாண்டியின் கையில் போட்டார். “இனி அரண்மனைக்கு வெள்ளை பூச வேண்டாம்,” என்று ஓர் ஆணை. இதற்காகக் காத்தாயி பிச்சாண்டியை அந்த மாதம் முழுவதும் திட்டினாள். “என் கண் போன பிறகும் நான் தினமும் இங்கே வந்து உட்காருவேன். மலை எப்படி இருக்கிறது என்று நீ எனக்குச் சொல்ல வேண்டும். இனி உனக்கு அதுதான் உத்தியோகம்,” என்று இன்னோர் ஆணை.

வைத்தியர் சொன்னது சரியாகப் போயிற்று. மழை வந்தது, மழையோடு ராஜாவின் பார்வையும் போயிற்று. ஆனாலும் ஒவ்வொரு நாளும் விடியும்போது அவர் மாடியில் இருப்பார். பிச்சாண்டி பக்கத்தில் உட்கார்ந்து, உச்சியில் வெயில் விழுந்துவிட்டது, அடிவாரத்தில் மாடு மேய்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வான். இன்றைக்கு மலை கொஞ்சம் தள்ளி நிற்கிறது என்று சில நாள் அவனே சண்டையும் இழுப்பான். அந்தக் காலை வேளைகளை நினைத்தால் எனக்கே அங்கே ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கக்கூடாதா என்றிருக்கும்.

அடுத்த கோடையில் ஒருநாள் ராஜா வழக்கம் போலக் கேட்டார்: “தெரிகிறதா?”

பிச்சாண்டி எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய்ப் பார்த்தான். ஊரில் புதிதாகச் சூளைகள் முளைத்திருந்தன. வில்லைக்கு உட்படாத தலைச்சுமை விறகு, வீட்டு அடுப்புக்கு என்று சொல்லிச் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தது.

“இன்று தெரியவில்லை, மகாராஜா. புகை மூடியிருக்கிறது.”

“பார்வை இல்லாத கிழவனிடம், தெரிகிறது என்று சொல்லிவிட்டு நீ போய்ப் பழையது சாப்பிட்டிருக்கலாமே.”

“சாப்பிட்டிருக்கலாம், மகாராஜா. பசிக்கத்தான் செய்கிறது.”

“பின்னே ஏன் சொல்லவில்லை?”

“தாங்கள் கொடுத்த உத்தியோகத்தை வாயால் சொன்னபடியே செய்கிறவன் நான். மலை எப்படி இருக்கிறது என்று சொல்லத்தானே சொன்னீர்கள்? தங்களுக்கு எப்படி இருந்தால் பிடிக்கும் என்று சொல்லச் சொல்லவில்லையே.”

ராஜா சிரிக்கத் தொடங்கினார். மாடிப்படியில் நின்ற சேவகர்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வருகிற அளவுக்குச் சிரித்தார். சிரித்து முடித்ததும் இடுப்பில் இருந்த ராஜ முத்திரையை அவிழ்த்தார். பிச்சாண்டியின் கையைத் தடவிப் பிடித்து அதில் வைத்தார். தலைச்சுமைக்கும் விதி போட்டு, வரும் கோடைக்கு வில்லையை இன்னும் குறைத்துத் தட்டும்படி சொன்னார். முத்திரையை இந்தத் தடவை திருப்பிக் கேட்கவே இல்லை. பிறகு இருவரும் கிழக்கே முகம் வைத்து, பால் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.